"பயமாக இருக்கிறது, கிளம்புகிறோம்" என்று எழுதிவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: கோவையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய 20 வயது மகன் 10,000 மீட்டர் ஓட்டக்காரர். கென்யாவின் இட்டென் ஊரில் 2024 ஜூன் 10 முதல் ஜூலை 21 வரை 42 நாள் நடந்த உயர்மலைப் பயிற்சி முகாமுக்காகச் சென்னையிலுள்ள ஓர் ஏற்பாட்டாளரிடம் 3,40,000 ரூபாய் கட்டியிருக்கிறார். விமானச் செலவு தனி. நிதி மசோதாவை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் ஜூன் 25 அன்று நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த செய்தியைப் பார்த்துக் குடும்பம் பதறிப்போய், ஜூன் 28 அன்று மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏற்பாட்டாளர் 60,000 ரூபாய் ரொக்கம், அல்லது அடுத்த முகாமுக்கு 1 லட்ச ரூபாய் கூப்பன் என்கிறார். முழுக் கட்டணத்தையும், பல்கலைக்கழகப் போட்டியில் இடம் பறிபோனதற்கு 15 லட்ச ரூபாய் இழப்பீட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா? "உடல்நலம் சரியில்லாமல் திரும்பியதாகப் பயணக் காப்பீட்டில் எழுதிப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஏற்பாட்டாளரே சொல்கிறாரே, அதைச் செய்யலாமா?

பதில்: உங்கள் கடிதம் பதினொரு பக்கம். பயிற்சியாளர் மரியாதையில்லாமல் பேசியது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனது, உங்கள் மனைவி மூன்று இரவு தூங்காமல் இருந்தது ஆகிய எல்லாவற்றையும் நான் ஒதுக்கிவைக்கிறேன். நுகர்வோர் ஆணையமும் ஒதுக்கித்தான் வைக்கும். மிஞ்சுவது ஒரே விஷயம். முகாமை முறித்தது யார்? அவர்கள் நிறுத்தினார்களா, நீங்கள் விலகினீர்களா?

"நாடே பற்றி எரியும்போது ஒப்பந்தம் எப்படிச் செல்லும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விடை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 56இல் இருக்கிறது. ஒப்புக்கொண்ட காரியம் பிற்பாடு இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகும்; அப்போது பிரிவு 65இன்படி, பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும். இயலாமை என்பதை அகராதிப் பொருளில் பார்க்க வேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் அடித்தளமே தகர்ந்தால் போதும் என்று சத்யபிரதா கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நிறைவேற்றுவது கடினமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்பதெல்லாம் இயலாமை ஆகாது என்பதை 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் அதே நீதிமன்றம் மறுபடியும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்கள் வழக்கில் அடித்தளம் தகரவில்லை. கலவரத்தின் மையமான நைரோபி, இட்டெனிலிருந்து சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்து நகரமான எல்டோரெட்டிலும் போராட்டம் நடந்தது உண்மைதான். ஆனால் ஜூன் 25 அன்று நைரோபியிலுள்ள இந்தியத் தூதரகம் எச்சரிக்கையாக இருக்கவும், அவசியமில்லாத நடமாட்டத்தைக் குறைக்கவும் சொன்னதே தவிர, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லவில்லை. மறுநாளே அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். போராட்டம் ஜூலையிலும் தொடர்ந்தது என்றாலும், நீங்கள் மகனைக் கிளப்பிய தேதி அந்த அறிவிப்புக்கு இரண்டு நாள் பின்னால் நிற்கிறது.

இத்தனைக்கும் மேல், "பெங்களூரிலிருந்து வந்த மற்ற நால்வரை மட்டும் ஜூலை 21 வரை ராஜமரியாதையோடு வைத்திருந்தார்கள்" என்று ஏழாம் பக்கத்தில் பொருமியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்தால் அவருக்கு வேறு சான்றே தேவையில்லை. நால்வர் முடித்த முகாம் ஐந்தாமவருக்கு இயலாததாகிவிட்டது என்று எந்த ஆணையத்திலும் வாதிட முடியாது.

15 லட்சத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73, மீறலிலிருந்து நேரடியாக வராத தொலைவான இழப்புக்கு ஈடு தருவதில்லை; முகாமை முடித்திருந்தால் தேர்வாகியிருப்பார் என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை.

உங்களுக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒப்பந்தத்தில் வாரம் இருமுறை டம்பாக் மண் தடத்துக்கு வேனும், வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் 26 காலை 6.10 மணிக்கு உங்கள் மகன் "இன்னிக்கும் வேன் இல்லையா கோச்?" என்று கேட்க, "ரோடு பிளாக், இந்த வாரம் வேன் கிடையாது, பிசியோவும் வர மாட்டார்" என்று பதில் வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நாற்பது ஸ்கிரீன்ஷாட்டுகளில் எனக்குப் பயன்படுவது இது மட்டுமே. ஒப்புக்கொண்ட சேவை மகன் கிளம்புவதற்கு முன்பே நின்றிருந்தது என்பதற்கு அவர்கள் கையாலேயே எழுதிய சான்று அது. சாலை மறியல் அவர்கள் தவறல்ல என்பார்கள். இருந்தாலும், தராத சேவைக்கான பணத்தை வைத்துக்கொள்ள அது உரிமை தராது. முழுத் தொகையை அதை வைத்து வாங்க முடியாது. பேரம் பேச அது போதும்.

இனி, நான் உண்மையில் அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தினால் அல்ல. ஒரே சம்பவத்தை மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதிவைப்பதால்தான். ஜூன் 27 அன்று ஏற்பாட்டாளருக்கு நீங்கள் அனுப்பிய செய்தி: "சார், எங்களுக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, பையனைக் கூப்பிட்டுக்கொள்கிறோம்." அவர் பதில்: "உங்க இஷ்டம் சார், டேக் கேர்." வக்கீல் நோட்டீசுக்கு நீங்களே எழுதிவைத்திருக்கும் வரைவோ, "முகாமிலிருந்து வெளியேற்றப்பட்டோம்" என்கிறது. இவற்றோடு காப்பீட்டுப் படிவத்தில் வயிற்றுப்போக்கு என்று எழுதினால் கதை மூன்றாகும். அந்த யோசனையைச் சொல்பவர் ஏற்பாட்டாளர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் உங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. நோய்க்காகத் திரும்பினார் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் உருவாகிவிட்டால், வேன் வராததும் பிசியோ வராததும் வழக்கிலிருந்தே மறைந்துபோகும்.

இதே பள்ளத்தில் விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும். 2022 மே மாதத்தில் ஒரு பள்ளிக் கிரிக்கெட் அணி கொழும்புக்குப் போயிருந்த சமயத்தில், மே 9 அன்று இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்து, பயணம் பாதியில் நின்றது. அங்கே சேவை உண்மையாகவே நின்றுபோனது. உங்கள் வழக்கைவிடப் பத்து மடங்கு வலுவானது. பெற்றோரில் ஒருவர், தெரிந்த டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, பையனுக்குக் காய்ச்சல் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்தார். மருத்துவமனை பில் இல்லாததால் அது நிராகரிக்கப்பட்டது. பிறகு அவர் ஆணையத்துக்கு வந்தபோது, எதிர்த்தரப்பு அந்தக் கோப்பை வரவழைத்து மேசைமேல் வைத்தது. ஊரடங்கு பற்றிய கேள்விக்கே போகாமல், மனுதாரர் தூய கரங்களோடு வரவில்லை என்று மனு தள்ளுபடியானது. மற்ற பெற்றோர்கள் பணம் வாங்கினார்கள்.

ஆகவே காப்பீட்டுப் படிவத்தை நிரப்பாதீர்கள். நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால், நடந்ததை நடந்தபடி எழுதி, பாலிசியில் உள்நாட்டுக் குழப்பம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். நான் பார்த்த பாலிசிகள் பலவற்றில் விலக்கப்பட்டிருக்கிறது. மகனிடமும் பேசுங்கள்: ஜூன் 27 அன்று இட்டென் நுழைவாயில் வளைவின் கீழ் சிரித்துக்கொண்டு நின்று, "சூப்பர் செஷன்" என்று இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். அதை இப்போது அழிக்க வேண்டாம்; எதிர்த்தரப்பு ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும், அழித்தால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டிவரும். கைப்பேசியையும் மாற்ற வேண்டாம். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) பிரிவு 63படி மின்னணுச் சான்றுகளுக்குச் சான்றிதழ் தர வேண்டி வந்தால், மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

"கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற நிபந்தனையே நியாயமற்றது என்று தனியாகத் தாக்கும் எண்ணம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்தை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அந்த அலைச்சல் கட்டாது.

சமரசத்துக்குப் போங்கள். பயன்படுத்தாத 24 நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,94,000 ரூபாய் வருகிறது. அதில் அறை வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் எப்படியும் செலவாகியிருக்கும் என்பதை ஆணையம் கழிக்கும். வேனும் பிசியோவும் நின்ற செய்தியை இணைத்து 1,30,000 கேளுங்கள், 90,000க்குக் குறையாமல் ஒப்புக்கொள்ளுங்கள். கூப்பன் வேண்டாம், அடுத்த ஆண்டு அந்த முகாம் நடக்கும் என்பதற்கோ, ஏற்பாட்டாளர் தொழிலில் இருப்பார் என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. பேச்சு நீளும்போது ஒன்றை மறக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 தரும் 2 ஆண்டுக் கெடு, நோட்டீசும் பதில் நோட்டீசும் பரிமாறிக்கொள்வதால் நின்றுவிடாது. உங்களுக்கு அது 2026 ஜூன் இறுதியில் முடிகிறது.

பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற எந்த மின்னஞ்சலுக்கும், "சரி" என்ற ஒற்றைச் சொல்லாகக்கூடப் பதில் போடாதீர்கள். மகன் மேஜர் என்பதால் ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்கிறது. சமரசக் கடிதத்தில் உங்களோடு அவரும் கையெழுத்திட வேண்டும்.