அடுப்படியில் ஒரு மன்மதன்

அன்புள்ள ஐயா,

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே சுவரோரம் பதித்த டைல் ஒன்றில் வில்லோடு ஒரு மன்மதன். சமையலறையில் அவனுக்கு என்ன வேலை? வெறும் அலங்காரமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

அவனைக் கண்டுபிடித்துவிட்டீர்களே, சந்தோஷம். ஓவியமே 45 சென்டிமீட்டர் உயரம்தான், பலர் கவனிக்காமல் போய்விடுவார்கள்.

அவன் புத்தகத்திலிருந்து வந்தவன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து இளைஞர்களுக்குக் காதலைப் படச் சின்னங்களால் சொல்லும் 'எம்ப்ளம்' புத்தகங்கள் என்றால் அவ்வளவு ஆசை. ஒரு படம், ஒரு வாசகம், கூடவே சில வரிப் பாட்டு. புகழ்பெற்ற ஓவியர் ரூபன்ஸின் குருவான ஓட்டோ வான் வேன் 1608இல் ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்ட தொகுப்பில் 124 சின்னங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் க்யூபிட், அதாவது மேற்கத்திய மன்மதன். ஒன்றில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். இன்னொன்றில் சுடரில் விழும் விட்டில். விட்டிலை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

வெள்ளியில் பொறிப்பவர், சுவரில் வரைபவர் எல்லாரும் இவற்றிலிருந்து படம் எடுத்தார்கள். டைல் பட்டறையில் காகிதத்தில் உருவம் வரைந்து, கோட்டோடு ஊசியால் குத்தி, டைல் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். நம்மூரில் ஆரி வேலைக்குத் துளையிட்ட தாளில் பொடி தேய்க்கிறார்களே, அதே மாதிரி. அப்புறம் புள்ளிகளைச் சேர்த்து நீலத்தில் கோடு. சுடாத பூச்சு நீலத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும், தப்பினால் அழிக்க முடியாது. வாசகமும் பாட்டும் டைலுக்கு வரவில்லை, அவை பார்ப்பவரின் நினைவில் இருந்தன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த டைலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறதல்லவா? உள்ளே கங்கு வைத்துப் பெண்கள் காலைச் சூடாக்கிக்கொள்ளும் பெட்டி. 1614இல் வந்த ரூமர் விஸ்ஸரின் எம்ப்ளம் புத்தகம் அதற்குக் கொடுத்த பெயர் 'பெண்களின் செல்லம்'. வெர்மீர் முதலில் அந்த இடத்தில் ஒரு கூடையைத்தான் வரைந்திருந்தார். அதை மறைத்துவிட்டு, மன்மதன் டைலுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை வைத்தார். எனவே வெறும் அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக அவள் காதல் ஏக்கத்தில் நிற்கிறாள் என்று சிலர் சொல்வதையும் ஏற்க மாட்டேன். அவள் கண் பாலில்தான் இருக்கிறது.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, இசைக்கருவி அருகே நிற்கும் பெண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் பெரிய சட்டத்துக்குள் மன்மதன் ஒரு சீட்டை உயர்த்திக் காட்டுகிறான். வான் வேனின் புத்தகத்தில், ஒருவரை மட்டும் காதலி என்று சொல்லும் பக்கத்தில், அவன் காட்டும் பலகையில் இருப்பது 1 என்ற எண்.