வாசல் கதவு: பிணைச்சலும் பூட்டும்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, ஆவணியில போட்ட முதிரைக் கதவு. மார்கழி மழையோட நிலையில இறுகிப்போச்சு. சீவலாமோ?

இப்ப சீவாதேங்கோ தம்பி. சோளகக் காற்று அடிக்கேக்க ஒடுங்கிற பலகை மாரியில அகலப்பாட்டுக்கு ஊதும். மழைக்குள்ள சீவினால் வைகாசியில வெளிச்சம் தெரியிற அளவுக்கு நீக்கல் விழும். உரஞ்சிற இடத்தைப் பென்சிலால குறிச்சு வையுங்கோ. பங்குனியிலும் அங்கேயே உரஞ்சினால் சீவுங்கோ. கதவின்ர மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் கையால தடவிப் பாருங்கோ, அனேகமா பெயின்ற் பட்டிராது. ஈரம் குடிக்கிறது அந்த வழியாலதான். மரம் காய்ஞ்ச பிறகு கழற்றி இரண்டு பூச்சுப் பூசுங்கோ.

நெடுங்கேணியிலிருந்து: பூட்டுப் பக்கம் மேல் மூலை நிலையில முட்டுது.

அக்கா, கதவைப் பாதி திறந்து கைபிடியில பிடிச்சுத் தூக்கிப் பாருங்கோ. மேல் பிணைச்சல் (கீல்) ஆடினால் ஸ்குறூ பிடி விட்டிட்டுது. ஸ்குறூ ஓட்டையில நெருப்புக்குச்சி செருகினால் கொஞ்ச நாளைக்குத்தான் நிற்கும். ஓட்டையைப் பெருப்பிச்சு, வைர மர முளையைப் பசையோட அடிச்சு இறுக்கி, மறுநாள் புதுசாத் துளை போட்டுப் பூட்டுங்கோ.

எத்தனை பிணைச்சல்?

வாசல் கதவெண்டால் மூண்டு, 4 அங்குலம்.

முல்லைத்தீவிலிருந்து: சாத்தினால் கதவு தானாத் திரும்பி வருது.

பிணைச்சல் ஆழமாப் புதைஞ்சிருக்கும் தங்கச்சி. தகட்டின்ர தடிப்பளவுக்குத்தான் உளி இறங்கவேணும். கழற்றி அடியில ஒரு கடதாசி மட்டைத் துண்டு வைச்சுப் பாருங்கோ, கதவு அமைதியா நிற்கும். கடற்கரை வீட்டுக்கு இரும்புப் பிணைச்சல் வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும். பித்தளை நல்லது. ஆனால் முதிரை, பாலை போன்ற வைர மரத்தில பித்தளை ஸ்குறூ தலை முறியும். துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குறூவை முதலில ஏற்றி இறக்கி, பிறகு பித்தளைக்குச் சவர்க்காரம் தடவி முறுக்குங்கோ.

மாங்குளத்திலிருந்து: பூட்டு நாக்கு நிலை ஓட்டைக்குள்ள போகுதில்லை.

பிணைச்சலுக்கு முதல் பூட்டை வெட்டினீங்களோ? நானும் பழகிற காலத்தில அப்பிடி ஒரு கதவைக் கெடுத்தனான், இண்டைக்கும் மனசுக்க இருக்கு. கதவு பிணைச்சலில தொங்கி, சுத்திவர 3 மில்லிமீற்றர் நீக்கலோட சீராச் சாத்துப்பட்ட பிறகுதான் பூட்டு. நடுச்சட்டம் பொருந்திற மூட்டில வெட்டாதேங்கோ, அந்தக் கதவின்ர பலமே அதிலதான். நிலையில அளவுகோல் வைக்கவும் வேண்டாம். நாக்கு நுனியில ஈரச் சோக்கைத் தடவி, கதவைச் சாத்தி, திறப்பைத் திருப்புங்கோ. நிலையில வெள்ளையாப் பதியிற இடத்தில துளை.