முனை வெட்டுப்பட்ட நட்சத்திரம் – கடிதம்

வணக்கம்.

துண்டுத்துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சடுக்கு வைத்துத் தைக்கும் குயில்ட் போர்வை ஒன்றைப் பதினைந்து மாதங்கள் உழைத்து முடித்திருக்கிறேன். அம்மா நோயில் படுத்திருந்தபோது அவர் கட்டிலருகே அமர்ந்து தொடங்கிய வேலை அது. நிறங்களை எல்லாம் அவர்தான் தேர்ந்தெடுத்தார். நான்காவது வரிசையை முடித்துக் காட்டியபோது அதிலிருந்த ஒரு நட்சத்திர வடிவத்தின் மேல் விரல் வைத்து, “முனை வெட்டுப்பட்டிருக்கிறதே” என்றார். அது எனக்குச் சிறிது வருத்தமாகத்தான் இருந்தது. போர்வை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

எங்கள் பகுதியில் நடக்கவிருக்கும் கண்காட்சியின் கைவினைப் போட்டியில் இதைச் சேர்க்கும்படி தோழி வற்புறுத்துகிறாள். அம்மாவின் நினைவைப் போட்டிக்கு அனுப்புவதா என்கிறாள் அக்கா. அன்பால் செய்த ஒன்றுக்கு முன்பின் தெரியாத யாரோ மதிப்பெண் போடுவதா என்று எனக்கும் தோன்றுகிறது. துண்டுகளை இயந்திரத்தில்தான் இணைத்தேன், மூன்றடுக்கையும் சேர்க்கும் தையல் மட்டுமே கையால் போட்டது. இதைக் கைவேலை என்று சொல்லலாமா? வெளிச்சத்தில் நிறம் மங்காதா? பார்ப்பவர்கள் தொட்டு அழுக்காக்கினால் என்ன செய்வது? பதிவு செய்ய இன்னும் 12 நாட்களே உள்ளன. சேர்க்கலாமா, வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் என்னுடைய பழைய போர்வை ஒன்றின் ஓரப்பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை கையில் இல்லாதிருந்தால், உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன்.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். இயந்திரத்தில் இணைத்தது கைவேலையா என்பதைப் போட்டியின் விதித்தாள்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல. பல போட்டிகளில் மேல்தையலை, அதாவது மூன்றடுக்கையும் சேர்க்கும் தையலை, கையால் போட்டவை, இயந்திரத்தால் போட்டவை, முதன்முறை பங்கேற்பவர்களுடையவை என்று பிரிவுகள் உண்டு. தவறான பிரிவில் சேர்த்தால் நல்ல போர்வையும் தள்ளப்படும். சில நாள் கூரைக்குக் கீழே தொங்குவதால் நிறம் மங்கிவிடாது. வீட்டில் வெயில் விழும் சன்னலோரம் நீண்ட நாள் கிடந்தால்தான் மங்கும். அதே மடிப்பில் மடித்து அலமாரிக்குள் வைத்திருப்பதும் கெடுதல்தான், மடிப்புக் கோட்டில் நூல் நைந்துவிடும். யாராவது தொட்டால் தொடட்டும். தொடுவதற்கு அஞ்சினால் போர்வை செய்திருக்கக் கூடாது.

அன்பால் செய்ததற்கு மதிப்பெண் போடுவதா என்ற வரியை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் எரிச்சல் வந்தது. எந்த நடுவரும் அன்புக்கு மதிப்பெண் போடுவதில்லை. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. பெரும்பாலான போட்டிகளில் தைத்தவரின் பெயர்ச்சீட்டை மறைத்த பிறகே போர்வையை மேசையில் விரிப்பார்கள். அவர் முதலில் சற்றுத் தள்ளி நின்று முழுதாகப் பார்ப்பார். பிறகு விளிம்புகள் நேராக ஓடுகின்றனவா, தூக்கிப் பிடித்தால் கரை அலையலையாக நெளிகிறதா என்று பார்ப்பார். வெளிர்நிறத் துணிக்கு அடியில் கருப்பு நூல் ஒன்று சிக்கி நிழலாகத் தெரிகிறதா, குறியிட்ட பென்சில் கோடு மிச்சமிருக்கிறதா என்று தேடுவார். மேல்தையல் எவ்வளவு நுணுக்கமானது என்பதைவிட எவ்வளவு சீரானது என்பதையே பார்ப்பார்; அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டவர் பாதி வழியில் ஆறுக்கு இறங்கினால், தொடக்கம் முதல் ஏழே போட்டவர்தான் மேல். கடைசியில் போர்வையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். வீட்டில் உங்களைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்?

அன்பு ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம். இரண்டையும் நாமே ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு, தையலைப் பற்றி ஒருவர் வாய்திறந்தால் அன்பைக் காயப்படுத்திவிட்டார் என்று அழுகிறோம். இது பணிவு போலத் தோன்றும், ஆனால் கூர்ந்து பார்த்தால் அதற்குள் இருப்பது அகந்தை. (எழுதுகிறவர்களுக்கும் இந்த நோய் உண்டு. கைப்பிரதியோடு, இதை என் கண்ணீரால் எழுதினேன் என்று ஒரு குறிப்பு வைத்து அனுப்புவார்கள். படித்துப் பார்த்தால் பத்திக்கு நான்கு பிழை இருக்கும்.) உங்கள் நட்சத்திர முனை வெட்டுப்பட்டதற்கு அன்பு குறைந்ததோ, துக்கமோ காரணமல்ல. தையலுக்கு விட வேண்டிய கால் அங்குல விளிம்பு சற்றே கூடியதுதான் காரணம். இரு துண்டுகளை இணைக்கும் ஒரு தையலில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் இரு துணியிலுமாக இரண்டு மில்லிமீட்டர் போகும்; வரிசைக்குப் பதினாறு இணைப்பு என்றால் அந்த வரிசை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறுகிவிடும். குறுகியதை அடுத்த வரிசையோடு இழுத்துப் பொருத்தும்போது முனைகள் தையலுக்குள் புதைகின்றன. இதை அறிந்த ஒருவர் உங்களுக்குச் சொல்வது அவமதிப்பு என்றால், கற்றுக்கொள்வதற்கு உலகில் வேறு வழியே இல்லை.

இதையெல்லாம் நான் பெரிய ஞானியாக இருந்து சொல்லவில்லை. என் இரண்டாவது போர்வையை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். நாற்பது பேராவது அதைப் புகழ்ந்திருந்தார்கள், ஆகவே பரிசு உறுதி என்று நினைத்திருந்தேன். பரிசு இல்லாமல் திரும்பி வந்தது, கூடவே ஒரு சிறிய அட்டை. அதில் மூன்று வரிகள்: நிறச்சேர்க்கை துணிச்சலானது; கைத்தையல் சீராக இல்லை; ஓரப்பட்டியின் மூலைகள் வெறுமையாக உள்ளன. மூலை எப்படி வெறுமையாக இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை, கோபம் மட்டும்தான் வந்தது. அந்த நடுவருக்கு ரசனை இல்லை, இரக்கம் இல்லை, வேண்டியவர்களுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன். அட்டையைக் கிழிக்கத்தான் நினைத்தேன், ஏனோ ஒரு புத்தகத்துக்குள் செருகினேன். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின், தூக்கம் வராத ஓர் இரவில் அதே போர்வையின் நுனியை விரல்களால் பிசைந்துகொண்டு படுத்திருந்தபோது, மூலையில் துணி மட்டும் தட்டையாக மடங்குவதை உணர்ந்தேன். உள்ளே பஞ்சு இல்லை. ஓரப்பட்டியைத் தைப்பதற்கு முன் பஞ்சடுக்கை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறேன். பட்டி மடங்கும் இடத்தை நிரப்ப எதுவும் மிஞ்சவில்லை. மற்ற மூன்று மூலைகளையும் எழுந்து தொட்டுப் பார்த்தேன். மூன்றும் அப்படித்தான் இருந்தன. புகழ்ந்த நாற்பது பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் போர்வையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். போர்வையைப் பார்த்தவர் அந்த முகம் தெரியாத மனிதர் ஒருவர்தான்.

கண்காட்சி என்றதும் எனக்கு ஹாரியட் பவர்ஸ் நினைவுக்கு வருகிறார். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். விவிலியக் கதைகளை வெட்டுத்துணி உருவங்களாகப் பதித்துப் பதினொரு கட்டங்களில் ஒரு போர்வை தைத்தார், கையாலும் இயந்திரத்தாலும் (உங்கள் கைவேலைக் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). 1886இல் அதே ஜார்ஜியாவில் உள்ள ஏதென்ஸ் என்னும் ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது தொங்கியது. அங்கே அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, அதைத் தைத்தவரைத் தேடிப் போய் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் எந்த விலைக்கும் தர மறுத்தார். சில ஆண்டுகள் கழித்து, வறுமை நெருக்கியபோது அவரே கொண்டுவந்து பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் சொல்ல, ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். அதன் பின்னும் தன் போர்வையைப் பார்ப்பதற்காகவே பலமுறை பவர்ஸ் அங்கே சென்றிருக்கிறார். இன்று அது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் போர்வையில் அன்பு இருந்ததா என்று யாராவது ஐயப்பட முடியுமா? ஆனாலும் அதை அவர் ஒரு பொது இடத்தில், அந்நியர் கண்கள் மேயும்படி தொங்கவிட்டார். கண்டு நின்ற அந்த ஒரு அந்நியரால்தான் கட்டங்களின் கதைகள் நமக்குக் கிடைத்தன.

நடுவர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தமக்குப் பிடித்த நிறத்தைத் தவிர வேறெதையும் காணாதவர்கள் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் அட்டையில் நன்று என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கலாம். அப்படியானால் 12 நாள் ஓட்டம் வீண்தான். அம்மாவை இழந்த துயரம் இன்னும் ஆறவில்லை, இப்போது எதையும் தாங்க முடியாது என்று நீங்கள் எழுதியிருந்தால், போர்வையைப் போர்த்திக்கொண்டு படுங்கள், போட்டி அடுத்த ஆண்டும் வரும் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதியது அதுவல்ல.

நீங்கள் எழுதியதில் வேறொன்று இருக்கிறது, போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். படுக்கையில் கிடந்த உங்கள் அம்மா நான்காம் வரிசையைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த நிலையில் அதைச் சொல்வது எளிது, நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். அவர் விரலை வைத்து, முனை வெட்டுப்பட்டிருக்கிறதே என்றார். தையல் தெரிந்தவர் தையல் தெரிந்தவரிடம் பேசும் பேச்சு அது. நோயாளியைச் சுற்றி எல்லோரும் மெல்லிய குரலில் பொய் பேசிக்கொண்டிருந்த அறையில், அவர் உங்கள் வேலையை வேலையாகவே பார்த்திருக்கிறார். அம்மாவின் நினைவைப் போட்டிக்கு அனுப்புவதா என்று கேட்கும் அக்காவிடம் வாதாட வேண்டாம்; ஆனால் அந்தப் போர்வைக்கு முதல் நடுவர் யார் என்பதை நீங்கள் மறந்துவிடாதீர்கள், எஸ்.

அந்த நட்சத்திரத்தைப் பிரித்து மறுபடி தைக்கலாமா என்ற எண்ணம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். வேண்டாம். மூன்றடுக்கும் சேர்த்துத் தைத்த பிறகு நடுவரிசையைப் பிரித்தால் சுற்றியுள்ளவையும் குலையும். இருக்கும் நாட்களில் பின்பக்கத்து நூல் முனைகளை உள்ளே செருகுங்கள், ஒட்டியிருக்கும் முடியையும் தூசியையும் எடுங்கள், ஓரப்பட்டியின் நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தொங்கவிடுவதற்குப் பின்புற மேல்விளிம்பில் கோல் நுழையும்படி நான்கு அங்குல அகலத்தில் ஓர் உறை தைக்கச் சொல்வார்கள். தையல் முன்பக்கத்துக்கு ஊடுருவாமல் அதைக் கையால் தைக்கவே இரண்டு மாலைகள் ஆகும்.