தெருச் சாலையைப் புதுப்பிக்கிறோம் என்று தோண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அவதிப்பட வைக்கிறார்களே, இதை ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்யவே முடியாதா?

முடியும். 14 மாதம் இதே அவதியில் கிடந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் தெருவைத் தோண்டி நான்கு மாதம் ஆகிறது, இன்னும் தார் போடவில்லை, யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். தார் போடாமல் இருப்பது ஒரு வகையில் உங்களுக்கு நல்லது. போட்ட பிறகுதான் எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்தது, அப்போது எதையும் திருத்த முடியவில்லை.

எங்கள் தெருவில் 38 வீடுகள். சாலை வேண்டும் என்று மனு கொடுத்து அலைந்தவர்கள் நாங்களேதான். அதனால் ஒரு காலையில் இயந்திரம் வந்து நின்றபோது எல்லோரும் வாசலுக்கு வந்து மகிழ்ச்சியோடு பார்த்தோம். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மதியத்துக்குள் தெருவின் இரண்டு முனைகளையும் தோண்டிவிட்டார்கள். உள்ளே நின்ற வண்டிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அப்போது என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். மருத்துவரிடம் காட்ட அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, ஒற்றைப் பலகை மேல் பள்ளத்தைத் தாண்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். ஒரு முனையை முடித்துவிட்டு மறு முனையைத் தொட்டிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது. அதற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவாகியிருக்காது.

சரி, அது முதல் நாள். ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, தார் போட்டு முடித்தார்கள். வழவழவென்று இருந்தது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். மூன்று வாரம் கழித்துக் குடிநீர்க் குழாய் பதிக்க வேறொரு கூட்டம் வந்து, புதுச் சாலையின் நடுவில் நீளத்துக்கும் வெட்டியது. அந்தக் குழாய்த் திட்டம் முந்தைய ஆண்டே ஒப்புதல் ஆகியிருந்தது. சாலை போட்டவர்களுக்கு அது தெரியாது. குழாய்க்காரர்களுக்குச் சாலை போடுவது தெரியாது. இரண்டு அலுவலகமும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன.

எது முதலில், எது பிறகு என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வளைந்து கொடுக்க முடியாதது முதலில் போக வேண்டும். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கித்தான் ஓடுகிறது, யாரும் அழுத்தித் தள்ளுவதில்லை. அதனால் அதன் வாட்டத்தை, அதாவது சரிவை, மாற்ற முடியாது. ஆழமும் அதற்குத்தான் அதிகம், ஆகவே அது முதலில். அடுத்து மழைநீர் வடிகால், அதுவும் வாட்டத்தை நம்பியதே. குடிநீர் அழுத்தத்தில் ஓடுவதால் அந்தக் குழாய் கொஞ்சம் ஏறி இறங்கலாம். கழிவுநீர்க் குழாய்க்கு மேலே, கசிவு வந்தாலும் கலக்காத அளவுக்குத் தள்ளி அது போகும். மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் எப்படியும் வளையும், கடைசியில் போகலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை இணைப்பு கொடுத்து, குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மண்ணை மூட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சாலைக்கான முதல் கல். இதை எனக்குச் சொன்னவர் பெரிய பொறியாளர் இல்லை, குழாய் பதிக்க வந்த ஒரு மேஸ்திரி. "எங்களை முன்னாடியே கூப்பிட்டிருந்தா இந்தத் தாரை உடைக்க வேண்டிய வேலையே இல்லையே சார்" என்று அவரே வருத்தப்பட்டார்.

மூடியதும் சரியாக மூடவில்லை. ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்தில் தோண்டிய மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலே இரண்டு தடவை சக்கரத்தை ஓட்டிவிட்டுப் போனார்கள். பல ஆண்டுகளாக அழுந்திக் கெட்டியாகக் கிடந்த மண், தோண்டியவுடன் பொலபொலவென்று உப்பிவிடும். அதை 15 அல்லது 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, அளவான ஈரத்தோடு ஒவ்வொரு அடுக்கையும் திமிசு என்னும் கனமான இடிகட்டை போட்டு இறுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஐந்தாறு அடுக்கு வரும். அப்படிச் செய்யாவிட்டால் அந்த வேலையை மழை செய்யும். எங்கள் தெருவில் முதல் மழைக்கே தெரு நீளத்துக்கும் ஒரு சால் விழுந்தது. இருட்டில் அதில் சக்கரம் இறங்கி ஒரு பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எங்களை நிரந்தரமாகப் பாதித்தது வேறொன்று. சாலையின் மட்டம்.

வெட்டுப்பட்ட சாலையைச் சரிசெய்கிறோம் என்று மறுபடியும் மேலே ஒரு அடுக்கு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்கவில்லை. மில்லிங் என்று அதற்கென்றே இயந்திரம் உண்டு, அது வரவேயில்லை. தார் அடுக்கு ஒன்று 4, 5 சென்டிமீட்டர்தான் என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் அடியில் பள்ளம் மேட்டை நிரப்பப் போட்டது, முதல் தடவை போட்டது, இப்போது போட்டது, எங்களுக்கு முந்தைய காலங்களில் போட்டது என எல்லாம் சேர்ந்து சாலை ஒரு படி உயரம் ஏறிவிட்டது. சாலை ஏறினால் வீடு இறங்கியதாகத்தான் அர்த்தம். தாழ்ந்த முனையில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி இருக்கிறார்கள். அடுத்த மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் அவர்கள் கூடத்துக்குள் போனது. நள்ளிரவில் நாங்கள் போனபோது அந்தப் பெரியவர் கட்டில் மேல் உட்கார்ந்து ஒரு பெட்டியை மடியில் வைத்திருந்தார். "முப்பது வருஷத்துல ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல தம்பி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சாலைக்காக முதல் கையெழுத்துப் போட்டவர் அவர்.

மறுநாள் ஒரு கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வாங்கி, தெரு முழுக்க அளந்தேன். நீண்ட குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதுதான் அதன் சூட்சுமம், பள்ளிப் பிள்ளைகூட அளந்துவிடலாம். அளந்தபோது இரண்டு உண்மை தெரிந்தது. 38 வீட்டில் 11 வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்திருந்தது. அதோடு, சாலையின் நடு முதுகுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசமே பல இடங்களில் இல்லை. தார்ச் சாலைக்குக் குறுக்கு வாட்டம் பொதுவாக 2 முதல் 2.5 சதவீதம் கொடுப்பார்கள். 6 மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து ஓரம் 3 மீட்டர், அதற்கு 6 முதல் 7.5 சென்டிமீட்டர் சரிவு வர வேண்டும். வித்தியாசம் இருந்த இடங்களிலும் எங்களுக்கு வந்தது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். தண்ணீர் ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே தேங்கி, தாருக்குள் இறங்கி, ஜல்லியைப் பிரித்தெடுக்க ஆரம்பித்துவிட்டது.

இது புது ஞானமும் இல்லை. பாரத்தை உண்மையில் தாங்குவது அடியில் இருக்கும் மண்தான், அது காய்ந்திருக்கும் வரை எவ்வளவு பாரமானாலும் தாங்கும் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் 200 ஆண்டுகளுக்கு முன்பே வாதாடி, அப்படியே சாலைகளையும் போட்டுக் காட்டினார். சாலையில் முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது, கறுப்பு நிறம் அதற்குப் பிறகு.

பொறியாளரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். மதிப்பீட்டில் நீளம், அகலம், தடிமன் இருக்கிறது, பணமும் அந்தக் கணக்கில்தான். முடிந்த சாலை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதாததை யாரும் அளக்கவில்லை, அளக்காததற்கு யாரும் பொறுப்பாகவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் கோபத்தில் பாதி இடம் மாறியது. வெயிலில் தார் கிளறிய தொழிலாளிகளிடம் நாங்கள் சண்டை போட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. மேன்ஹோல் மூடிகள். சாலை உயர்ந்தால் மூடியின் சட்டத்தையும் உயர்த்த வேண்டும். எங்கள் தெருவில் மூன்று மூடிகள் தாருக்கு அடியில் போய்விட்டன. கழிவுநீர் அடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் எதிர்த்து வந்த நாளில், மூடி எங்கே என்று தேடிச் சாலையைக் கடப்பாரையால் உடைத்தார்கள்.

அடுத்த தெருக்காரர்களும் தப்பவில்லை. எங்கள் தெரு மூடியிருந்ததால் ஜல்லி லாரிகள் அவர்கள் தெரு வழியாகத்தான் வந்தன. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்த பெரிய ஆய்விலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு. லாரியின் சக்கர அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். மெல்லிய உள்தெருவில் நிறை லாரியை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். உங்கள் வாசற்படியிலிருந்து ஆரம்பியுங்கள். வாசற்படி, வடிகாலின் மேல் விளிம்பு, இப்போதிருக்கும் தரை மூன்றையும் டியூப் மட்டத்தில் அளந்து, எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: முடிந்த சாலை இந்தக் கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கும்? பதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். அந்த எண்ணைக் கொடுக்க வேண்டுமென்றால் வாட்டம், வடிகால், பழைய தாரைச் சுரண்டுவது எல்லாவற்றையும் அவர்கள் யோசித்தே ஆக வேண்டும். எங்களுக்குத் தெரிந்து இவ்வளவு வேலை வாங்கும் கேள்வி வேறில்லை.

அதோடு, குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு நான்கு பேரும் இன்னும் என்ன தோண்ட வேண்டியிருக்கிறது என்று ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று சொல்லக் கேளுங்கள். எங்கள் தெருவில் இது கடைசியில் நடந்தது, இருபது நிமிடம்தான் ஆனது. அந்த இருபது நிமிடம் 14 மாதத்துக்கு முன்பு நடந்திருக்கலாம்.

"வசதி வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று உங்களிடமும் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், தூசியை, சத்தத்தை, சுற்றிப் போவதை. கான்கிரீட் சாலை என்றால் அது முழு வலுப் பெற 28 நாள் கணக்கு. ஈரம் காயாமல் காக்க வேண்டிய நாட்களில் சீக்கிரம் திறந்துவிடுங்கள் என்று நாமே அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் இருப்பதையும், முதியவர்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதையும் பொறுக்க வேண்டியதில்லை. கைப்பிடியுள்ள அகலமான தற்காலிகப் பாலம் இரண்டு போட்டால் போதும், அரை நாள் வேலை.

எங்கள் தெருவைக் கடைசியில் சுரண்டி, 11 செ.மீ. இறக்கிப் போட்டார்கள். எல்லா வீட்டுக்கும் அது போதவில்லை. தாழ்ந்த முனையில் அந்தப் பெரியவர் இன்னும் வாசலில் ஒரு அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வைத்துத்தான் வாழ்கிறார், அதைத் தாண்டுவது அவர் மனைவிக்குக் கஷ்டம். உங்கள் தெருவில் இன்னும் வெறும் மண்தான் கிடக்கிறது. இந்த வாரமே டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த முனை வீட்டிலிருந்து அளக்க ஆரம்பியுங்கள். அளவுகளை இங்கே போட்டால் வாட்டக் கணக்கை நான் சேர்ந்து பார்த்துத் தருகிறேன்.