ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் ஸ்கேனர் எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு பிரிண்டரில் 1200 x 2400 டிபிஐ, இன்னொன்றில் 600 x 1200 டிபிஐ என்று போட்டிருக்கிறது. முதலாவது விலை அதிகம். அதைத்தான் வாங்க வேண்டுமா?

அந்த எண்ணுக்காக மட்டும் வாங்க வேண்டாம். முதல் எண், சென்சார் ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைப் பார்க்கிறது என்பது. இரண்டாவது, மோட்டார் அதை எவ்வளவு சின்னச் சின்ன அடியாக நகர்த்துகிறது என்பது. கவனிக்க வேண்டியது முதல் எண்தான், அதுவும் 'ஆப்டிகல்' (சென்சார் நிஜமாகவே பார்க்கும் அளவு) என்று குறிப்பிட்டிருந்தால். 19200 டிபிஐ என்றெல்லாம் பார்த்தால் மயங்காதீர்கள். அவை மென்பொருள் இட்டுக்கட்டும் புள்ளிகள்.

கடிதம், சான்றிதழ், பில் இவற்றுக்கு 300 டிபிஐ தாராளம். ஒரு ஏ4 தாள் அதிலேயே 2480 x 3508 பிக்சல் வரும். சுருக்காமல் வைத்தால் கலரில் சுமார் 26 எம்பி. 600-க்குப் போனால் அது நாலு மடங்கு. சின்ன போட்டோவைப் பெரிதாக்க 600 தேவைப்படும். அதற்கு மேல் வீட்டுக்கு எதற்கு?

ஒரே டிபிஐ போட்ட இரண்டு மெஷின்கள் வேறு வேறு தரத்தில் ஸ்கேன் செய்யும். அதனால் கடைக்குப் போகும்போது நாலு தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள்: பென்சிலில் லேசாக எழுதியது, மங்கிய ரப்பர் ஸ்டாம்ப் உள்ள தாள், பொடி எழுத்து உள்ள செய்தித்தாள், கறுப்பு உடையில் யாராவது இருக்கும் போட்டோ. தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, 300-இல் ஸ்கேன் செய்து, கணினியில் நூறு சதவீத அளவில் பாருங்கள். பென்சில் எழுத்து காணாமல் போகிறதா? கறுப்பு உடையின் மடிப்புகள் ஒரே இருட்டாகிவிட்டனவா? எழுத்து ஓரங்களில் சிவப்பு, நீலக் கசிவு தெரிகிறதா? வெள்ளைத் தாளின் ஓரம் மட்டும் சாம்பல் பூத்திருக்கிறதா? பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணும் இதைச் சொல்லாது. "டெமோ கிடையாது" என்று சொல்லும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

புத்தகத்தை ஸ்கேன் செய்தால் நடுமடிப்பு மங்கலாக வருகிறது. மெஷின் கோளாறா?

கோளாறு இல்லை, சென்சாரின் சுபாவம். இப்போது வரும் ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும் தெளிவாக விழும்; சில மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே மங்கும். லென்ஸும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிரதிபலிப்பான்களும் வைத்த சிசிடி வகை சென்சார் இதைச் சமாளிக்கும், ஆனால் உடம்பு தடிமனாக இருக்கும், விலையும் கூடும். புத்தக வேலைதான் அதிகம் என்றால் தனி ஸ்கேனர் பாருங்கள். எப்போதாவது என்றால் புத்தகத்தை நன்றாக அழுத்திப் பிடியுங்கள், போதும்.

மேலே தாள் அடுக்கி ஸ்கேன் செய்தால் நெடுக ஒரு கோடு விழுகிறது.

அதே தாளைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். கோடு இல்லையென்றால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒடுக்கமான கண்ணாடிப் பட்டையில் ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கிறது. தாள் அந்தப் பட்டைக்கு மேலேதான் ஓடுகிறது. ஒரு பொட்டு அழுக்கு முழுநீளக் கோடாகிவிடும். மெஷினை அணைத்து, லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள்.

பத்திரங்களை ஸ்கேன் செய்ய எந்த மெஷின்?

பத்திரம் லீகல் தாளில் இருந்தால் அதன் நீளம் 356 மி.மீ. பெரும்பாலான கண்ணாடிகள் ஏ4 அளவு, 297 மி.மீ. தான். லீகல் தாளை ஏற்கும் ஏடிஎஃப் (மேலே அடுக்கிய தாள்களைத் தானாக இழுக்கும் பகுதி) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் மடிப்பு கிழிந்த பழைய பத்திரத்தை அதில் விடவே கூடாது. உருளையில் சிக்கினால் தாத்தா காலத்துத் தாள் போச்சு. அதைக் கண்ணாடியில் வைத்து மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு முறை எடுங்கள்.

பழைய பிலிம் நெகட்டிவ்?

சாதாரண ஆல்-இன்-ஒன்னில் வராது. நெகட்டிவுக்கு மறுபக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும்.

இங்க் தீர்ந்தாலும் ஸ்கேன் ஓடுமா?

எல்லா மாடலிலும் ஓடாது. கார்ட்ரிட்ஜ் காலியானதும் ஸ்கேனையும் நிறுத்திவிடும் மெஷின்கள் உண்டு, எரிச்சலான விஷயம். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.