பட்டா மனு திரும்பினால் முதலில் சிட்டாவைப் பாருங்கள்

சட்ட உதவி முகாமில் உதவும் மாணவரான நீங்கள், கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு மீண்டும் பட்டா மனு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது மனு இப்போது வேண்டாம். இறந்த கணவரின் வாரிசுச் சான்று வைத்தும் அந்த அம்மாவின் பட்டா மாற்ற மனு இரண்டு முறை திரும்பியது என்கிறீர்கள். பெரும்பாலும் பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கும். அப்படியென்றால் மாமனாரின் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் தேவை.

அடுத்த முகாமில் அவர் பையிலுள்ள காகிதங்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதில் பட்டா எண் இருக்கும். அதை வைத்து ஆன்லைனில் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு) எடுத்தால் யார் பெயர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கொழுந்தனார், நாத்தனார் ஆட்சேபித்தால் தாசில்தாரிடம் தீராது, சிவில் கோர்ட்தான். மாணவராக நீங்கள் ஆஜராக முடியாது. தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு அவரைக் கூட்டிச் செல்லுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.