வாசகர் கேள்வி-பதில்: அன்றாடப் பயணமும் எரிபொருள் செலவும்

கேள்வி: அலுவலகம் சென்று திரும்ப நாள்தோறும் 28 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறேன். தயாரித்த நிறுவனம் சொன்ன மைலேஜ் ஒருநாளும் கிடைத்ததில்லை. செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், இப்போது உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை அளந்துவிடுங்கள். டேங்கை முழுவதும் நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டிய பிறகு மறுபடியும் முழுவதும் நிரப்புங்கள். இடையில் ஓடியது 420 கிலோமீட்டர், இரண்டாம் முறை நிரப்பியது 30 லிட்டர் என்றால் மைலேஜ் லிட்டருக்கு 14 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் பம்ப் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பதால், மூன்று நான்கு முறை நிரப்பிய கணக்கைக் கூட்டிச் சராசரி எடுப்பதே நம்பத்தக்கது. நிறுவனம் சொல்லும் எண் ஆய்வுக்கூடத்தில், வரையறுத்த வேகத்தில் எடுக்கப்பட்டது. அதனுடன் மல்லுக்கட்டுவதைவிட, உங்களுடைய சென்ற மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடுவது பயனுள்ளது.

அடுத்தது டயர் காற்று. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவே உங்கள் வண்டிக்கு உரியது; டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே அளக்க வேண்டும். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். அதனால் காற்றுப் பிடித்தாலே செலவு பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் டயரும் கூடுதல் காலம் உழைக்கும் என்பதால் இதை விட்டுவிடவும் கூடாது.

பெரிய மிச்சம் உங்கள் வலது காலில் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதும் விரைந்து சென்று பிரேக் அடிப்பவர், எரிபொருளைச் செலவிட்டுச் சேர்த்த வேகத்தை வெறும் வெப்பமாக்கி வீணடிக்கிறார். நெடுஞ்சாலையிலோ காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும்.

கேள்வி: சரிவில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று என் தந்தை சொல்வார். சரியா?

பதில்: எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் என்ற கருவி இருந்த காலத்து வண்டிகளுக்குச் சொல்லப்பட்ட யோசனை அது. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் இன்றைய ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. அந்நேரத்தில் எரிபொருள் செல்வது அநேகமாக முழுவதும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சமாவது எரிபொருள் ஊற்றியாக வேண்டும். அதோடு, சரிவில் எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். தந்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அதிகாலைக் குளிரில் பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிவடைவது உண்மைதான். ஆனால் அது இருப்பது நிலத்தடித் தொட்டியில், அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வீட்டில் 40 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரும் 10 கிலோமீட்டர் தரும் காரும் உள்ளன, இரண்டும் மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகின்றன. 50 தரும் புதிய ஸ்கூட்டர் வாங்குவதா, 12 தரும் புதிய கார் வாங்குவதா?

பதில்: பத்துக் கிலோமீட்டர் கூடுகிறதே என்று ஸ்கூட்டர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆனால் நாம் பணம் கொடுப்பது லிட்டருக்கு. ஸ்கூட்டரை மாற்றினால் மாதம் 12.5 லிட்டர் 10 ஆகும். மிச்சம் இரண்டரை லிட்டர். காரை மாற்றினால் 50 லிட்டர் சுமார் 41.7 ஆகும், மிச்சம் எட்டு லிட்டருக்கு மேல். ஆக, வெறும் இரண்டு கிலோமீட்டர் முன்னேற்றம் மூன்று மடங்குக்கு மேல் மிச்சம் தருகிறது.

இருந்தாலும் காரை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த எட்டு லிட்டரின் விலையை வைத்து, புதிய காருக்குப் போடும் பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்று வகுத்துப் பாருங்கள். மாறாக, தனியாளாகக் காரில் போகும் 100 கிலோமீட்டரை ஸ்கூட்டருக்கு மாற்றினால் 10 லிட்டர் இரண்டரை லிட்டராகக் குறையும். எதையும் வாங்காமலே மாதம் ஏழரை லிட்டர் மிச்சம்.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மாதாந்திரப் பயண அட்டை எடுத்து வண்டியை நிறுத்திவிடலாமா?

பதில்: அட்டையின் விலையை ஒரு நாள் போய்வரும் கட்டணத்தால் வகுங்கள், கிடைக்கும் எண்ணைவிட அதிக நாட்கள் பயணம் செய்தால் மட்டுமே அட்டை லாபம். வாரம் ஐந்து நாள் வேலைக்காரருக்கு மாதம் 22 நாள் போலப் பயணம் இருக்கும், உங்களுக்கு 13 நாள்தான் வரும் என்பதால் அன்றாடச் சீட்டே மலிவாக முடியக்கூடும்.

வண்டியோடு ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. வண்டியை வைத்துக்கொண்டே பொதுப் போக்குவரத்துக்கு மாறினால் மிச்சமாவது எரிபொருளும் நிறுத்துமிடக் கட்டணமும் தேய்மானத்தில் ஒரு பகுதியும்தான்; காப்பீடும், ஆண்டு கூடக்கூட விலை இறங்குவதும் தொடர்ந்துகொண்டே இருக்கும். விற்றுவிடத் துணிந்தால் அவற்றையும் மிச்சக் கணக்கில் சேருங்கள். விற்க இயலாதென்றால், அந்த 13 நாட்களுக்கு உங்கள் வழியில் வரும் சக ஊழியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு செலவைப் பகிர்வது எப்படி என்று முதலில் பாருங்கள். எரிபொருள் செலவு நேர்பாதியாகிவிடும்.